தேவகோட்டைக் கிட்டங்கியில் பள்ளிக்கூடம் நடத்தலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களும் படிக்க வசதியாக இருக்கும். தேவகோட்டைக் கடைவீதியை ஒட்டி உங்கள் ஐயா காலத்துக் கிட்டங்கி, அதாவது சரக்குக் கிடங்கோடு சேர்ந்த கடைக்கட்டடம், ஒன்று இருக்கிறது. தெருவைப் பார்த்து இரண்டு கடை, நடுவில் சின்ன முற்றம், பின்னால் நெல்லும் உப்பும் அடுக்கிய நீளக் கொட்டடி, கடைகளுக்கு மேலே கணக்கு எழுதிய மாடி அறைகள். இருபது வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது, மேல்தளம் ஒழுகுகிறது. பங்காளிகள் நாலு பேரும் அங்கே ஏதாவது கல்விக் காரியம் நடக்கட்டும் என்கிறார்கள். வந்து பார்த்த இன்ஜினியர், "மேல்தளத்தை இடித்துவிட்டு கான்கிரீட் போடுங்கள், அப்புறம் பள்ளிக்கூடமே நடத்தலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். செய்யலாமா என்று கேட்கிறீர்கள்.

மேல்தளத்தை இடிக்க வேண்டாம். பள்ளிக்கூடமும் வேண்டாம். மற்றதெல்லாம் பேசலாம்.

நான் காரைக்குடிப் பக்கம் முப்பது வருடமாகப் பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கிறவன். இந்தத் தொழிலில் நான் கற்றது ஒன்றுதான். என்ன கல்வி வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டு அதற்காகக் கட்டடத்தை வெட்டிக் கொத்துகிறவர்கள் பாதியில் பணம் தீர்ந்து நிற்கிறார்கள். கட்டடம் எதைத் தாங்கும் என்று முதலில் பார்த்து அதற்கேற்ற கல்வியைத் தேடுகிறவர்கள் திறப்பு விழா வரைக்கும் போகிறார்கள்.

பள்ளிக்கூடம் ஏன் வேண்டாம் என்கிறேன்? அங்கீகாரம் பெற்ற பள்ளி என்றால் குறைந்தபட்ச நில அளவு, விளையாட்டு இடம், கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, சுகாதாரச் சான்று, 1965-ஆம் ஆண்டுப் பொதுக்கட்டட உரிமச் சட்டத்தின்படி தாசில்தார் தரும் உரிமம் என்று வரிசையாக வேண்டும். கடைவீதிக் கிட்டங்கியில் நில அளவிலேயே கதை முடிந்துவிடும். இந்த விதிகளைச் சுற்றிக்கொண்டு போக வழி சொல்கிறேன் என்று யாராவது வந்தால் திண்ணையோடு அனுப்பிவிடுங்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீவிபத்தில் 94 பிள்ளைகள் இறந்தார்கள். கீற்றுக் கூரை, குறுகலான மாடிப்படி, ஒரே வழி. உங்கள் கட்டடத்தில் கீற்று இல்லை. குறுகலான படியும் ஒரே வழியும் இருக்கின்றன.

பள்ளிக்கூடம் இல்லையென்றால் வேறு என்ன? வாசகசாலை. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் உட்காரும் படிப்பகம். மாலை நேர வகுப்பு. கட்டடத் தொழில், தச்சு, ஓடு பதித்தல் போன்ற கைத்தொழில் பயிற்சி. பழைய கணக்குப் புத்தகங்களைப் பாதுகாக்கும் ஆவணக்கூடம். இவற்றுக்கும் சான்றுகளும் உபயோக மாற்ற அனுமதியும் தேவைப்படும். ஆனால் பள்ளிக்குக் கேட்கிற அளவு நிலம் கேட்க மாட்டார்கள். நகராட்சியில் எழுத்துமூலம் கேட்டுவிட்டு இறங்குங்கள். வாய்வார்த்தையாகக் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும்.

இதில் ஒரு பொருத்தமும் இருக்கிறது. கிட்டங்கியே ஒரு காலத்தில் பள்ளிக்கூடம்தான். பதினாலு வயதில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் கணக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பேரேட்டில் வரவும் பற்றும் எழுதப் பழகி, ஐந்தொகை என்கிற இருப்புநிலைக் கணக்கு போடத் தெரிந்த பிறகு அடுத்தாளாகி (உதவியாளர்), அதற்கப்புறம் மேலாளாகி (கடைப் பொறுப்பாளர்) ரங்கூனுக்கோ பினாங்குக்கோ கப்பலேறினான். பெஞ்சும் மணியும் இல்லை, தேர்வு மட்டும் தினமும் உண்டு. ராத்திரி கணக்கு நேராகாவிட்டால் சாப்பாடு ஆறிப்போகும்.

செட்டிநாடு என்றாலே எல்லோருக்கும் வீடுகள்தான் ஞாபகம் வரும். 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்ற 11 ஊர்களையும் வணிகர்களின் ஊர்த் தொகுதி என்றுதான் சேர்த்திருக்கிறார்கள். ஆனாலும் பார்க்க வருகிறவர்கள் முகப்பையும் வளவு என்கிற உள்முற்றத்தையும் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். அந்த வீடுகளைக் கட்டிய பணம் புரண்ட கடைகளை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937 பிப்ரவரி 10-ஆம் தேதி காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் தொடங்கியது. ரங்கூனுக்குச் சமமாகக் காரைக்குடியை வைத்த காலத்துக் கட்டடங்கள் இன்று செல்போன் கடைப் பலகைகளுக்குப் பின்னால் ஒளிந்து கிடக்கின்றன.

சரி, கட்டடத்துக்கு வருகிறேன். உங்கள் படங்களில் மூன்று விஷயம் தெரிகிறது. செம்புறாங்கல் அடித்தளத்தின்மேல் இரண்டடிக்குக் குறையாத செங்கல் சுவர். கடைகளுக்கு மேலே மெட்ராஸ் டெரஸ், அதாவது தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு அவற்றின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்த தளம். பின் கொட்டடிக்கு மங்களூர் ஓடு.

கனத்தை எங்கே வைக்கலாம் என்பதுதான் முதல் கேள்வி. இந்தியத் தர விதி 875-இன் இரண்டாம் பகுதிப்படி, குடியிருக்கும் அறையின் தளம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ தாங்கினால் போதும். வகுப்பறைக்கு 300. ஆளுயரத்துக்கு மேல் புத்தக அலமாரிகள் அடுக்கிய நூலக அறைக்கு 600. நாலு கணக்குப்பிள்ளைகள் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுதிய மாடி அறையில் போய்ப் புத்தகங்களை அடுக்கினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். புத்தகம் முழுவதும் பின் கொட்டடியில், தரையில். நெல் மூட்டையை எத்தனை வருடம் சுமந்த தரை அது! மாடியில் அலுவலகமும் பத்துப் பதினைந்து பேருக்கு மேல் கூடாத சிறு வகுப்பும் இருக்கட்டும், அதுவும் கட்டைகளைச் சோதித்த பிறகு.

கட்டையை எப்படிச் சோதிப்பது? நடுவில் தட்டிப் பார்த்துவிட்டு "இரும்பு மாதிரி இருக்குங்க" என்று சொல்லிவிடுவார்கள். பர்மாத் தேக்கு நடுவில் கெடாது, கெடுவது சுவருக்குள் நுழையும் முனையில். மேலே தண்ணீர் இறங்கி, சுவர் ஈரமாகி, அந்த ஒரு சாண் நீளம் வருடக்கணக்கில் ஊறிக் கிடந்திருக்கும். சின்னச் சுத்தியலை எடுத்து, நடுவிலிருந்து சுவரை நோக்கித் தட்டிக்கொண்டே போங்கள். "டங், டங்" என்று வந்த சத்தம் சுவருக்கு அரையடி முன்னால் "பொத்" என்று மாறினால் அங்கே உள்ளே மாவாகிவிட்டது என்று பொருள். சந்தேகமுள்ள இடத்தில் மெல்லிய திருகுளியால் ஒரு துளை போட்டுப் பாருங்கள். நல்ல தேக்கென்றால் சுருள் சுருளாகப் பொன்னிறத் தூள் வரும், எண்ணெய் வாசனை அடிக்கும். கெட்டுப்போனதென்றால் காப்பித்தூள் மாதிரிக் கொட்டும். ஒவ்வொரு கட்டைக்கும் சாக்பீஸால் எண் போட்டு, இரண்டு முனையையும் தனித்தனியாக நோட்டில் எழுதிவையுங்கள். நாற்பது கட்டை இருந்தால் எண்பது முனை. ஒரு நாள் வேலைதான், அந்த ஒரு நாள் வேலையைத்தான் யாரும் செய்வதில்லை.

கெட்ட முனைக்காக முழுக் கட்டையையும் மாற்ற வேண்டாம். கெட்ட நீளத்தை அறுத்துவிட்டு, பழைய தேக்கையே வாங்கி ஒட்டுப் போட்டு, துருப்பிடிக்காத எஃகுத் தகடும் போல்ட்டும் வைத்து முறுக்கலாம். அல்லது சுவரை ஒட்டி அடியில் ஓர் உத்திரம் கொடுத்து எல்லா முனைகளையும் அதன்மேல் உட்கார வைக்கலாம். எதைச் செய்தாலும் கட்டை சுவருக்குள் போகும் இடத்தைச் சிமென்ட் வைத்து அடைக்காதீர்கள், சுற்றிலும் விரல் நுழையும் இடைவெளி விட்டு மூச்சுவிட வையுங்கள். பழைய தேக்கு காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் கிடைக்கும். எந்த வீட்டை இடித்து வந்த கட்டையோ என்று ஒவ்வொரு முறை வாங்கும்போதும் எனக்கு உறுத்தும். வாங்கத்தான் செய்கிறேன்.

இனி அந்த இன்ஜினியர் சொன்ன கான்கிரீட். நாலு அங்குலக் கான்கிரீட் சதுர மீட்டருக்கு 250 கிலோ கனம். தேக்குக் கட்டைகளை எடுத்துவிட்டு அதைப் போட்டால், சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவரில் கம்பியும் சிமென்ட்டும் சேர்ந்த விறைப்பான பலகை ஒன்று உட்காரும். வெயிலில் அது நீளும், ராத்திரி சுருங்கும். சுவர் அந்த ஆட்டத்துக்குப் பழகியதல்ல. இரண்டு மூன்று கோடைக்குள் தளத்துக்குக் கீழே நேர்கோடாக ஒரு விரிசல் விழும். கூடவே, கீழே கடையில் இன்று தெரியும் குளிர்ச்சியும் போய்விடும்.

உங்கள் மாடித்தளம் ஒழுகுவதற்குக் காரணம் மெட்ராஸ் டெரஸ் அல்ல. ஒழுகும்போதெல்லாம் மேலே ஒரு பூச்சு போட்டுக்கொண்டே வந்திருப்பார்கள். பழைய தளங்களைத் திறந்தால் தலைமுறைக்கு ஒன்று என்று மூன்று நாலு பூச்சு இருக்கும். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த பூச்சு ஓர் அங்குலத்துக்குச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 48 கிலோ. மூன்று அங்குலம் கூடுதலாக ஏறியிருந்தால் ஏறக்குறைய ஒரு குடியிருப்பு அறைக்குரிய சுமையில் முக்கால் பங்கைக் கட்டைகள் சும்மா சுமந்துகொண்டிருக்கின்றன. முதலில் அதைச் செதுக்கி இறக்குங்கள். தண்ணீர் வடியும் வாட்டத்தைச் சரிசெய்து, ஜல்லிச் சுண்ணாம்பை ஒரே பூச்சாகப் போட்டு, கட்டையால் தட்டித் தட்டி இறுக்கி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து, மேலே தட்டோடு (தட்டையான சுடுமண் ஓடு) பதித்தால் போதும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் தட்டுகிற வேலை இது. அவசரப்பட்டால் நடக்காது.

அவசரப்பட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவன்தான் நான். பதினைந்து வருடம் முன்பு பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு பழைய கடைக்கட்டடம். உரிமையாளர் வீட்டில் கல்யாணம், ஆறு வாரத்தில் முடிக்க வேண்டும். சுண்ணாம்பு நீற்றி, புளிக்க வைத்து, பூசிக் காயவிட நேரமில்லை. கீழ்ச்சுவர் நாலடிக்கு மட்டும் சிமென்ட் பூசிவிடலாம் என்று நானே ஒத்துக்கொண்டேன். கல்யாணத்தன்று பளிங்கு மாதிரி இருந்தது. அடுத்த மார்கழியில் சிமென்ட் முடிந்த கோட்டுக்கு மேலே, ஐந்தடி உயரத்தில், சுவர் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. தரையிலிருந்து ஏறும் ஈரம் முன்பெல்லாம் கீழ்ச்சுவரின் சுண்ணாம்பு வழியாகவே ஆவியாகிக்கொண்டிருந்தது. நான் அந்த வழியை அடைத்ததும் அது மேலே ஏறி வழி தேடியது. சிமென்ட்டைக் கொத்தி எடுத்தபோது செங்கல்லின் முகமும் சேர்ந்து உரிந்து வந்தது. என் செலவில் திரும்பச் செய்துகொடுத்தேன். அந்த வீட்டு ஆச்சி ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, காப்பி கொடுத்தார்கள். அதுதான் இன்னும் வலிக்கிறது.

உங்கள் கொட்டடியில் இதைவிடச் சிக்கல், அங்கே உப்பு இருந்திருக்கிறது. உப்பு மூட்டை சாய்ந்திருந்த சுவர் உப்பைக் குடித்து வைத்திருக்கும். மழைக்காலத்தில் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்து வியர்க்கும், கோடையில் உப்பு படிகமாகிப் பூச்சைத் தள்ளும். பூச்சைக் கொத்திவிட்டு உடனே புதிதாகப் பூசாதீர்கள். வெறும் செங்கல்லாக ஒரு கோடை முழுக்கக் காய விடுங்கள். காகிதக் கூழையோ களிமண்ணையோ நல்ல தண்ணீரில் குழைத்துச் சுவரில் அப்பி, காய்ந்ததும் உரித்தெடுங்கள். உப்பு அதோடு வரும். மூன்று நாலு முறை செய்த பிறகும் முழுக்கப் போகாது, ஆனால் அடங்கும். அந்தச் சுவரை ஒட்டி அலமாரி வைக்காமல் ஒன்றரை அடி தள்ளி வையுங்கள்.

புத்தகம் என்றதும் கோட்டையூர் ஞாபகம் வருகிறது. ரோஜா முத்தையா அங்கே தன் வீட்டில் ஆயிரக்கணக்கான பழைய தமிழ் நூல்களையும் இதழ்களையும் சேர்த்துவைத்துக் காத்தார். 1992-இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கி, 1994-இல் சென்னையில் நூலகமாக அமைத்தது. தொகுப்பு பிழைத்தது, ஊரை விட்டுப் போய்விட்டது. போனது நல்லதுதான் என்றே சொல்வேன். கரையானும் ஈரமும் உள்ள இடத்தில் காகிதத்தை வைத்துக்கொண்டு ஊர்ப்பெருமை பேசிப் பயனில்லை. உங்கள் கிட்டங்கியில் பழைய பேரேடுகள் மிச்சமிருந்தால், கட்டடம் காய்ந்த பிறகுதான் அவற்றை உள்ளே கொண்டுவர வேண்டும். அதுவரை வீட்டில் பெட்டகத்திலேயே இருக்கட்டும்.

வெளிச்சத்துக்கு வழி சுலபம். கொட்டடிக்குச் சன்னல் கிடையாது, உயரத்தில் காற்றுப்புழை மட்டும்தான். படிக்க 300 லக்ஸ் வெளிச்சமாவது வேண்டும். சுவரை உடைத்துச் சன்னல் வைக்காதீர்கள். ஓட்டுக் கூரையில் வரிசைக்கு இரண்டு மூன்று கண்ணாடி ஓடு மாற்றுங்கள், வடக்குச் சரிவில் அதிகமாகவும் தெற்கில் குறைவாகவும். அந்த நிலா நிலாவான வெளிச்சம் தரையில் நகர்வதைப் பார்த்துக்கொண்டே பிள்ளைகள் மணி சொல்லப் பழகிவிடுவார்கள். எதிரொலி கொஞ்சம் தொல்லை தரும். பின்சுவரில் கனமான பருத்தித் துணி, தரையில் கோரைப்பாய், நடுவில் புத்தக அலமாரி, இவ்வளவு போதும். மின்கம்பியைச் சுவரைக் கீறிப் புதைக்காமல் வெளியே குழாயில் ஓட்டுங்கள்.

மாடிப்படி விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். உங்கள் மரப்படி இரண்டரை அடி அகலம் இருந்தால் அதிகம். கல்விக் கட்டடத்துக்குத் தேசியக் கட்டட விதி கேட்பது 1.5 மீட்டர். பின்பக்கம் வெளியே இரும்பில் அந்த அகலத்துக்கு ஒரு படி வைக்கும்வரை மாடிக்குப் பிள்ளைகள் ஏறக் கூடாது. மரப்படியை எடுக்க வேண்டாம், கைப்பிடியைச் சரிசெய்து பெரியவர்கள் உபயோகத்துக்கு விடுங்கள். கழிப்பறை கட்டடத்துக்குள் வேண்டாம். பின்கட்டில் தனியாகக் கட்டுங்கள், பெண்பிள்ளைகளுக்கு வேறு. வாசலில் இரண்டடி உயரம் ஏறுகிறது. ஓரடிக்குப் பன்னிரண்டடி என்ற சரிவில் சக்கர நாற்காலிக்கு வழி வைத்தால் 24 அடி நீளம் வரும், தெருப்பக்கம் இடமிருக்காது. பக்கச் சந்து வழியாக முற்றத்துக்குக் கொண்டுபோகலாம் என்று படத்தைப் பார்த்தால் தோன்றுகிறது, அளந்து பாருங்கள்.

பணம். சதுர அடிக்கு இவ்வளவு என்று கூரையைத் திறப்பதற்கு முன்பே சொல்கிற ஆளிடம் ஒப்பந்தம் போடாதீர்கள். கூரை முதலில், தண்ணீர் வடிகால் இரண்டாவது, சுவர் மூன்றாவது. தரையில் ஆத்தங்குடிக் கல் பதிப்பது கடைசி. இந்த வரிசையைத் திருப்பிப் போட்டால் பதித்த கல்லின்மேல் சாரம் நிற்கும்.

அமெரிக்காவில் சவான்னா என்ற ஊரில் 1978-இல் தொடங்கிய கலை வடிவமைப்புக் கல்லூரி ஒன்று இருக்கிறது. அதன் முதல் கட்டடம் தொண்டர் படையின் பழைய ஆயுதக் கிடங்கு. பிறகு ஊரில் கைவிடப்பட்ட கட்டடங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சீராக்கிக்கொண்டே வந்தது. 1853-ஆம் வருடத்து ரயில்வே கட்டடத்தின் இடிபாடு இன்று அதன் அருங்காட்சியகத்தின் ஒரு பகுதி. அந்த நாட்டில் வருமானம் தரும் வரலாற்றுக் கட்டடத்தைச் சீராக்கினால் செலவில் 20 சதவீதத்தை மத்திய வரியில் கழித்துக்கொள்ளலாம். நமக்கு அப்படி ஒன்று கிடையாது. நமக்கு இருப்பது 2013 கம்பெனிச் சட்டத்தின் சமூகப் பொறுப்பு நிதி. அதன் ஏழாவது அட்டவணையில் கல்வியும் இருக்கிறது, வரலாற்று முக்கியத்துவமுள்ள கட்டடங்களைச் சீராக்குவதும் இருக்கிறது. இரண்டு கதவும் உங்களுக்குத் திறந்திருக்கின்றன. ஆனால் நாலு பங்காளிகள் பெயரில் பிரிபடாமல் கிடக்கும் சொத்தில் எந்த நிறுவனமும் பணம் போடாது. அறக்கட்டளையைப் பதிந்து, அதற்கு முப்பது வருடக் குத்தகை எழுதி, அந்தக் குத்தகையையும் பதிவு செய்யுங்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகைக்குப் பதிவு கட்டாயம். மலேசியாவில் இருக்கும் பங்காளியின் கையெழுத்தை இப்போதே வாங்குங்கள். என் அனுபவத்தில் கரையானைவிட அதிகக் கட்டடங்களைத் தின்றது கடைசி நேரத்தில் வராத கையெழுத்துதான்.

இன்னொரு யோசனை, பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கைத்தொழில் பயிற்சிதான் நோக்கமென்றால், திறப்பு விழா வரைக்கும் ஏன் காத்திருக்க வேண்டும்? சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் எங்கள் பக்கத்தில் குறைந்துகொண்டே வருகிறார்கள், இருக்கிறவர்களுக்கும் வயதாகிவிட்டது. இரண்டு மூத்த கொத்தனார், ஒரு தச்சர், கூட ஆறு பிள்ளைகள், சம்பளத்தோடு. உங்கள் கூரை வேலையே அவர்களுக்கு முதல் பாடமாக இருக்கட்டும். நேரம் ஒன்றரை மடங்கு ஆகும், முதல் பத்து நாள் பூச்சை இரண்டாம் முறை செய்ய வேண்டிவரும். அதற்கும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

கூரை வேலையைத் தை பிறந்த பிறகு தொடங்குங்கள், ஆனி ஆடிக்குள் தட்டோடு பதித்து முடித்துவிட வேண்டும். கோடை வெயிலில் சுண்ணாம்பு சீக்கிரம் காய்ந்து வெடிக்கும், ஈரச்சாக்கு போட்டு மூடி வையுங்கள். அதற்கு முன்னால் இந்த ஐப்பசியில் ஒரு வேலை இருக்கிறது. நல்ல மழை கொட்டுகிற நாளில் சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போய் ஒரு மணி நேரம் நில்லுங்கள். மேலிருந்து சொட்டும் இடத்துக்கு நேர்கீழே தரையில் வட்டம் போடுங்கள், சுவரில் ஈரம் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறதோ அங்கே கோடு போடுங்கள், முற்றத்தில் தண்ணீர் எத்தனை நிமிடத்தில் வடிகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். அந்தப் படங்களையும் எண்பது முனை எழுதிய நோட்டையும் அனுப்பினால், எந்தக் கட்டையிலிருந்து தொடங்குவது என்று சொல்கிறேன்.